பொழுது சாய்ந்தால்

1991-ல் வெளிவந்த ‘சின்னத்தம்பி’ படத்தில் கவுண்டமணிக்கு மாலைக்கண். இருட்டிவிட்டால் கண் தெரியாமல் அவர் படும் பாட்டைப் பார்த்துத் தமிழ்நாடே வயிறு குலுங்கச் சிரித்தது. மாலைக்கண் என்றால் இன்றும் பலருக்கு அந்தக் காட்சிகள்தான் முதலில் நினைவுக்கு வரும்.

நிஜ வாழ்க்கையில் மாலைக்கண் உள்ளவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. கல்யாணப் பேச்சு எடுக்கும்போது வீட்டார் மறைப்பார்கள். வேலையில் சேரும்போது அவர்களே மறைப்பார்கள். விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பிவிடுவார்கள். செருப்பை எப்போதும் ஒரே மூலையில் கழற்றிவிடுவார்கள். திருவிழாவுக்குப் போனால் கூட வருபவரின் தோளைப் பேச்சுவாக்கில் பிடித்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாமல் இருபது வருடம் இப்படியே ஓட்டிவிட முடியும்.

ஓட்டிவிடுவதில்தான் நஷ்டம். மாலைக்கண் என்பது ஒரு தனி நோயின் பெயர் இல்லை. காய்ச்சலைப் போல அது ஓர் அறிகுறி. காய்ச்சலுக்குப் பின்னால் சளியும் இருக்கலாம், டைபாய்டும் இருக்கலாம். அதுபோல, இருட்டில் தடுமாறுகிறவரின் கண்ணுக்குப் பின்னால் வைட்டமின் குறைபாடு இருக்கலாம், பரம்பரைக் கோளாறு இருக்கலாம், கண்புரை இருக்கலாம், நம்பர் மாற வேண்டிய வெறும் மூக்குக்கண்ணாடியும் இருக்கலாம். முதல் வகை சில நாட்களில் தீரும். இரண்டாவது வகைக்கு, ஒரே ஒரு சிறு பிரிவைத் தவிர, இன்னும் மருந்து இல்லை. மூன்றாவதை ஒரு சிறிய அறுவை சிகிச்சை சரிசெய்துவிடும். ஊர் மட்டும் எல்லோருக்கும் ஒரே வைத்தியம் சொல்லும்: “ஆட்டு ஈரல் வாங்கிக் கொடு.” அந்த வைத்தியம் எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதற்குக் கண்ணின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

படம் போட்ட பிறகு தியேட்டருக்குள்

மத்தியானக் காட்சிக்குத் தாமதமாகப் போனவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். வெளியே சுள்ளென்று வெயில். கதவைத் தள்ளி உள்ளே நுழைந்ததும் கும்மிருட்டு. படிக்கட்டு தெரியாது, இருக்கை எண் தெரியாது, யார் காலையாவது மிதித்துத் திட்டு வாங்குவோம். பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் பின் வரிசையில் இருப்பவரின் முகம்கூடத் தெரிகிறது. அரங்கில் வெளிச்சம் கூடவில்லை. மாறியது நம் கண்.

எப்படி மாறியது? கண்பாவை விரிகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில். அது சிறிய பங்குதான். பாவையின் குறுக்களவு வெயிலில் சுமார் 2 மில்லிமீட்டர், இருட்டில் இளைஞர்களுக்கு 8 மில்லிமீட்டர் வரை. பரப்பளவில் கணக்குப் போட்டால் 16 மடங்கு வெளிச்சம் கூடுதலாக நுழையும். ஆனால் நடுப்பகல் வெயிலுக்கும் நட்சத்திர வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம் பல கோடி மடங்கு. அந்தப் பள்ளத்தைத் தாண்ட 16 மடங்கு எந்த மூலைக்கு?

மீதி வேலை விழித்திரையில் நடக்கிறது. அங்கே இரண்டு ஷிப்ட் ஆட்கள் இருக்கிறார்கள். பகல் ஷிப்ட், கூம்பு செல்கள். ஒரு கண்ணில் ஐம்பது அறுபது லட்சம். நிறமும் நுணுக்கமும் இவற்றின் பொறுப்பு. இரவு ஷிப்ட், குச்சி செல்கள். இவை ஒன்பது முதல் பன்னிரண்டு கோடி. இவற்றுக்கு நிறம் தெரியாது, பொடி எழுத்துத் தெரியாது. ஆனால் வெளிச்சத்தின் வாசனை பட்டால் போதும், விழித்துக்கொள்ளும். 1942-ல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்ற மூவர் அமெரிக்காவில் செய்த சோதனை, விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஃபோட்டான்கள் குச்சி செல்களில் விழுந்தாலே மனிதரால் ஒளியை உணர முடியும் என்று காட்டியது. இதைவிடச் சிறிய அளவில் ஒளியைப் பிரித்துக் கொடுக்க இயற்கையிடம் கிட்டத்தட்ட சில்லறையே இல்லை.

தியேட்டரில் முதல் சில நிமிடங்களில் நமக்கு உதவுவது கூம்பு செல்கள். ஏழெட்டு நிமிடத்தில் அவற்றின் சக்தி தீர்ந்துவிடும். அதற்கு மேல் குச்சி செல்கள் பொறுப்பேற்கும். அவை முழுத் திறனுக்கு வர முப்பது நாற்பது நிமிடம் ஆகும். நடுவில் செல்போனை ஒருமுறை எடுத்துப் பார்த்தால், சேர்த்ததில் பெரும்பகுதி போச்சு.

இந்த ஷிப்ட் மாற்றத்தை வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். பகலில் செம்பருத்திப் பூ இலையைவிடப் பளிச்சென்று இருக்கும். அந்தி இறங்க இறங்க அதே பூ கருத்துப்போகும். இலை மட்டும் சாம்பல் வெளுப்பில் மிதக்கும். குச்சி செல்கள் நீலப்பச்சை ஒளிக்கு நன்றாக மசியும், சிவப்பை ஏறக்குறைய கண்டுகொள்ளாது. செக் நாட்டு அறிவியலாளர் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்து எழுதினார். அவர் பெயரையே இந்த மாற்றத்துக்கு வைத்துவிட்டார்கள்.

இன்னொரு சோதனைக்கு மொட்டை மாடி வேண்டும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை நேராக உற்றுப் பாருங்கள், மீன்கள் மங்கும். பார்வையைச் சற்றே விலக்கி ஓரக்கண்ணால் பாருங்கள், எண்ணிக்கை கூடும். விழித்திரையின் நட்டநடுவில் குச்சி செல்களே இல்லை. அவை சுற்றுப்புறத்தில்தான் அடர்ந்திருக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஊக்கு நிமிர்வது போல

குச்சி செல்லுக்குள் ஒளியைப் பிடிப்பது ரொடாப்சின் என்ற செவ்வூதா நிறமி. 1876-ல் ஃபிரான்ஸ் போல் என்ற ஜெர்மானியர் ரோம் நகரில் தவளையின் விழித்திரையை எடுத்துப் பார்த்தபோது, சிவப்பாக இருந்த அது வெளிச்சம் பட்டதும் வெளுத்துப்போனது. ஹைடல்பெர்க்கில் வில்ஹெல்ம் கூனே அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். ஒரு முயலை இருட்டில் வைத்திருந்து, பிறகு கம்பி போட்ட ஜன்னலைப் பார்க்கவைத்தார். உடனே அதைக் கொன்று, விழித்திரையைப் படிகாரக் கரைசலில் ஊறவைத்தார். விழித்திரையில் ஜன்னலின் படம் விழுந்திருந்தது: கண்ணாடி இருந்த இடம் வெளுப்பாக, கம்பி இருந்த இடம் சிவப்பாக. கண் ஒரு போட்டோ பிலிம் போல வேலை செய்கிறது என்பதற்கு அந்தப் பாவப்பட்ட முயல் சாட்சி.

பிலிம் ஒருமுறைதான் பயன்படும். கண்ணோ வெளுத்ததைத் திரும்பச் சாயம் ஏற்றிக்கொள்கிறது. அந்தச் சாயம் எது என்பதை 1933-ல் ஜார்ஜ் வால்டு கண்டுபிடித்தார்: விழித்திரையில் வைட்டமின் ஏ இருந்தது. அந்தத் தடத்தில் தொடர்ந்த ஆய்வுகளுக்காக 1967-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ரொடாப்சின் என்பது ஒரு புரதமும் அதன் மடியில் உட்கார்ந்திருக்கும் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறும் சேர்ந்தது. ரெட்டினால், வைட்டமின் ஏ-யிலிருந்து வருவது. இருட்டில் அது வளைந்து, மாட்டிய சேஃப்டி பின் போல இருக்கும். ஓர் ஒளித்துகள் பட்டதும் பின் திறந்துகொண்டதுபோல் நிமிர்ந்துவிடும். அந்த நிமிர்வுதான் பார்வையின் முதல் அசைவு. அதன் தள்ளலில் புரதம் வடிவம் மாறி, செல்லுக்குள் சங்கிலித் தொடராக வேதி மாற்றங்கள் நடந்து, மூளைக்குத் தகவல் போகிறது. நிமிர்ந்த ரெட்டினால் அங்கேயே மீண்டும் வளையாது. பக்கத்தில் உள்ள நிறமி அடுக்குக்குப் போய், அங்கே நொதிகள் வளைத்துக் கொடுத்த பிறகுதான் வேலைக்குத் திரும்பும். தியேட்டரில் நாம் அரை மணி நேரம் காத்திருப்பது இந்தப் பட்டறையின் வேலை முடிவதற்காகத்தான்.

இந்தச் சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதாரம் உண்டு. அதை ஈடுகட்ட ரத்தத்திலிருந்து புது வைட்டமின் ஏ வந்துகொண்டே இருக்க வேண்டும். உடலின் வைட்டமின் ஏ-யில் பெரும்பகுதியைச் சேமித்து வைத்திருப்பது கல்லீரல். அங்கிருந்து கண்ணுக்குச் சுமந்து வருவது ஒரு புரதம். ஆகவே வைட்டமின் இல்லாவிட்டாலும் கண் மங்கும், கல்லீரல் கெட்டாலும் மங்கும், புரதச் சத்தில்லாமல் உடம்பு நொடிந்தாலும் மங்கும்.

கப்பலில் ஒரு மருத்துவர்

ஈரலின் மகிமை இப்போது புரியும். ஆட்டின் ஈரலைச் சாப்பிடுகிறவர், அந்த ஆடு ஆயுள் முழுக்கத் தழை மேய்ந்து சேர்த்த சேமிப்பை ஒரே வேளையில் எடுத்துக்கொள்கிறார். பழைய எகிப்தின் மருத்துவச் சுவடி, கிரேக்கத்தின் ஹிப்போகிரட்டீஸ் மரபு, நம் சுசுருத சம்ஹிதை என்று ஒன்றோடொன்று தொலைவில் இருந்த மருத்துவங்கள் கண்ணுக்கு ஈரலைப் பரிந்துரைத்தன. காரணம் யாருக்கும் தெரியாது, பலன் தெரிந்திருந்தது.

ஆஸ்திரிய அரசு 1857-ல் ‘நோவாரா’ என்ற போர்க்கப்பலை உலகைச் சுற்றி வர அனுப்பியது. இலங்கையின் காலியிலும் நம் சென்னையிலும் நின்று போன கப்பல் அது. மாதக்கணக்காக உப்புக்கண்டமும் காய்ந்த ரொட்டியும் தின்ற மாலுமிகள் சிலருக்கு இரவில் கண் தெரியாமல் போனது. கப்பல் மருத்துவர் எட்வர்ட் ஷ்வார்ட்ஸ் மாட்டு ஈரலை வேகவைத்துக் கொடுத்தார், பார்வை திரும்பியது. இது உணவுக் குறைபாடுதான் என்று ஊர் திரும்பி எழுதியவருக்குக் கிடைத்தது கேலி. அப்போதைய மருத்துவம், கடலில் பட்டுத் தெறிக்கும் வெயில்தான் மாலுமிகளின் கண்ணைக் கெடுக்கிறது என்று நம்பியிருந்தது. வைட்டமின் என்ற கருத்தே அப்போது பிறக்கவில்லை. 1913-ல் அமெரிக்காவில் மெக்கொல்லமும் டேவிஸும் வெண்ணெயிலும் முட்டை மஞ்சள் கருவிலும் உயிர்ச்சத்து ஒன்று இருப்பதைக் காட்டினார்கள். அதுதான் பின்னாளில் வைட்டமின் ஏ ஆனது.

அந்தக் கண்டுபிடிப்புக்குச் சாட்சி சொன்னது டென்மார்க். முதல் உலகப்போர்க் காலத்தில் அந்நாட்டு வெண்ணெய் நல்ல விலைக்கு வெளிநாடு போனது. ஏழைக் குழந்தைகளுக்கு மிஞ்சியது கொழுப்பெடுத்த பால். கோபன்ஹேகனில் கார்ல் பிளாக் என்ற குழந்தை மருத்துவரிடம் கண் உலர்ந்து, கருவிழி கரைந்த குழந்தைகள் வரிசையாக வந்தார்கள். 1917-ல் நீர்மூழ்கிகளின் முற்றுகையால் ஏற்றுமதி நின்றது. விற்க முடியாத வெண்ணெய் உள்நாட்டில் ரேஷனில் கிடைத்தது. நோய் மளமளவெனக் குறைந்தது. போர் முற்றியதால் பிழைத்த கண்கள் அவை.

தாயிடம் ஒரு கேள்வி

வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் தெரிவது மாலைக்கண். கவனிக்காமல் விட்டால் வெள்ளைவிழி பளபளப்பை இழந்து வறளும். கருவிழியின் ஓரத்தில், பெரும்பாலும் காதுப் பக்கமாக, சோப்பு நுரை காய்ந்ததுபோல் ஒரு வெள்ளைத் திட்டு படியும். துடைத்தால் பொடியாக வரும், மறுபடி படியும். 1863-ல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் இதற்கு பிட்டோ புள்ளி என்று பெயர். அதற்கு அடுத்த கட்டம் கருவிழி மெழுகுபோல் கரைவது. தட்டம்மையோ கடும் வயிற்றுப்போக்கோ வந்துவிட்டால் இந்தக் கடைசிக் கட்டம் சில நாட்களிலேயே வந்துவிடும். கரைந்த கருவிழி திரும்பாது.

மூன்று வயதுக் குழந்தையை இருட்டறையில் உட்காரவைத்துக் கருவியால் சோதிக்க முடியாது. இந்தோனேசியாவில் ஆய்வு செய்த அமெரிக்கக் கண் மருத்துவர் ஆல்பிரட் சோமர் அதற்கு எளிய வழி கண்டார். அங்கே மாலைக்கண்ணுக்கு ‘புத்தா ஆயம்’ என்று பெயர். கோழிக் குருடு என்று பொருள். கோழிக்குக் குச்சி செல்கள் குறைவு. அதனால்தான் பொழுது சாய்ந்ததும் அடைந்துவிடுகிறது. ‘உங்கள் பிள்ளைக்குக் கோழிக் குருடு உண்டா?’ என்று ஊர் வழக்குச் சொல்லிலேயே தாயிடம் கேட்டார்கள். தாய் சொன்ன பதில் ரத்தப் பரிசோதனையோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. ஒரு நோய்க்கு ஊரில் பெயர் இருக்கிறதென்றால் அந்த ஊர் அதை நெடுநாளாகப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். தமிழில் மாலைக்கண் என்ற சொல் இருப்பதும் அப்படித்தான்.

சோமரின் கணக்குப் புத்தகத்தில் இன்னொன்றும் தென்பட்டது. மாலைக்கண் இருந்த குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகம் இறந்துகொண்டிருந்தார்கள். வைட்டமின் ஏ கண்ணுக்கு மட்டும் உரியதில்லை. குடல், மூச்சுக்குழாய் இவற்றின் உள்தோலையும் நோய் எதிர்ப்பையும் அதுதான் காக்கிறது. 1986-ல் அவர் குழு ஆச்சே பகுதி ஆய்வை வெளியிட்டது: வைட்டமின் ஏ தரப்பட்ட கிராமங்களில் குழந்தை இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பலர் நம்பவில்லை.

நம்பவைத்தவற்றுள் ஒன்று நம் திருச்சி மாவட்டம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் லட்சுமி ரஹ்மத்துல்லா தலைமையில் அங்கே 15,419 குழந்தைகளிடம் ஓராண்டு ஆய்வு நடந்தது. ஊர்த் தன்னார்வலர்கள் வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போய்ச் சிறு அளவு மருந்தைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு அதில் வைட்டமின் ஏ இருந்தது, பாதிப் பேருக்கு இல்லை; யாருக்கு எது என்று கொடுத்தவர்களுக்கும் தெரியாது. 1990-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் முடிவு வந்தது. வைட்டமின் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு மற்றவர்களுடையதில் பாதிக்கும் கீழே இருந்தது.

எல்லா இடத்திலும் இதே பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் சுமார் பத்து லட்சம் குழந்தைகளிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில் இறப்புக் குறைவு மிகச் சிறியதாகவே தெரிந்தது. குறைபாடு கடுமையாக உள்ள இடத்தில் பலன் பெரிதாகவும், உணவும் தடுப்பூசியும் மேம்பட்ட இடத்தில் சிறிதாகவும் இருப்பது இயல்பு என்று ஒரு தரப்பு சொல்கிறது. விவாதம் ஓயவில்லை.

இந்தியாவில் 1970 முதல் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுக்கும் தேசியத் திட்டம் நடக்கிறது. ஒன்பதாம் மாதத் தடுப்பூசியோடு 1 லட்சம் யூனிட். ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட். மொத்தம் ஒன்பது தவணை. அங்கன்வாடியில் கொடுக்கும் மஞ்சள் சிரப்பில் ஒரு மில்லிக்கு 1 லட்சம் யூனிட் இருக்கும். கூடவே வரும் சிறு கரண்டியில் பாதி அளவுக்கு ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வரை கைக்குழந்தைக்கு, முழுக் கரண்டி பெரிய பிள்ளைக்கு. மாலைக்கண் வந்தே விட்ட ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு அன்றே ஒரு முழு அளவு, மறுநாள் ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முறை. பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே பார்வை திரும்பத் தொடங்கும். மருத்துவத்தில் இவ்வளவு மலிவாக, இவ்வளவு சீக்கிரமாகப் பலிக்கும் சிகிச்சை அபூர்வம்.

அதற்காக மருந்துக் கடையில் வாங்கி நாமே ஊற்றக் கூடாது. வைட்டமின் ஏ உடலில் தங்கும். மிஞ்சினால் கல்லீரலையும் எலும்பையும் கெடுக்கும். கர்ப்பிணிகளுக்குப் பெரிய அளவு ஆகவே ஆகாது, கருவில் ஊனம் உண்டாகலாம். அவர்கள் ஈரலையும் அளவோடுதான் சாப்பிட வேண்டும்.

அன்றாடத்துக்கு உணவு போதும். முட்டை, பால், மீன், அவ்வப்போது ஈரல் இவற்றில் தயார்நிலை வைட்டமின் இருக்கிறது. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பப்பாளி, மாம்பழம், மஞ்சள் பூசணி, கேரட் இவற்றில் இருப்பது பீட்டா கரோட்டின். உடல் அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த மாற்றத்தில் கழிவு அதிகம்: பன்னிரண்டு பங்கு உள்ளே போனால் ஒரு பங்கு கிடைக்கும். கொழுப்பு இல்லாவிட்டால் அதுவும் கிடைக்காது. முருங்கைக்கீரையை எண்ணெயில் வதக்கித் தேங்காய்ப்பூ தூவி இறக்கும் நம் பொரியல், விஞ்ஞானம் படிக்காமலே சரியான முறையைப் பிடித்திருக்கிறது.

கேரட் தின்றால் இருட்டிலும் பளிச்சென்று தெரியும் என்பது இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் கட்டிவிட்ட கதை. இரவில் எதிரி விமானங்களை வீழ்த்திய ஜான் கன்னிங்ஹாமின் திறமைக்குக் கேரட்தான் காரணம் என்று பரப்பினார்கள். உண்மைக் காரணம் விமானத்தில் இருந்த ரேடார். குறைபாடு இல்லாதவர் எத்தனை கிலோ கேரட் தின்றாலும் உள்ளங்கைதான் மஞ்சளாகும்.

ஊசியில் நூல் கோப்பார், குடத்தில் இடிப்பார்

இனி ஈரல் பலிக்காத மாலைக்கண். பன்னிரண்டு வயதுப் பையன். அந்தி வரை நன்றாக ஆடுகிறான். வெளிச்சம் மங்கியதும் பந்தைக் கோட்டைவிடுகிறான். கூட்டாளிகள் கிண்டல் செய்கிறார்கள், அவன் விளையாட்டையே விட்டுவிடுகிறான். இருபது வயதில் வாசல் நிலையில் தோளை இடித்துக்கொள்கிறான். முப்பதில் ஊசியில் நூல் கோப்பான், காலடியில் இருக்கும் குடத்தில் இடித்துக்கொள்வான். நடுப் பார்வை மட்டும் மிஞ்சி, சுற்றுப் பார்வை குழாய் வழியே பார்ப்பதுபோல் சுருங்கிவிட்டது. ஓரக்கண்ணால் பார்த்த கார்த்திகையை நினைத்துக்கொள்ளுங்கள்: குச்சி செல்கள் சுற்றுப்புறத்தில் இருப்பதால், அவை மடியும்போது முதலில் இரவும் பிறகு ஓரங்களும் போகின்றன.

இதற்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று பெயர். உலக அளவில் ஏறத்தாழ நாலாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கிறது. எண்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்களில் எதில் பிழை வந்தாலும் இது வரலாம். பல வகைகளில் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதுப் பிரதிகள் சேர்ந்தால்தான் நோய். ஒரு பிரதி மட்டும் உள்ளவருக்கு ஒன்றும் தெரியாது. சொந்தத்துக்குள் கல்யாணம் இங்கேதான் குறுக்கே வருகிறது. அத்தை மகன், மாமன் மகள் என்றால் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொது. தாய்மாமனும் அக்காள் மகளும் என்றால் நான்கில் ஒரு பங்கு. ஒரே பழுதுப் பிரதி இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அந்த அளவுக்குக் கூடுகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு மாலைக்கண் இருந்து, அடுத்த கல்யாணமும் சொந்தத்தில் என்றால், ஜாதகத்துக்கு முன்னால் மரபியல் ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.

எல்லாப் பரம்பரை மாலைக்கண்ணும் முற்றுவதில்லை. தெற்குப் பிரான்சில் 1637-ல் பிறந்த ழான் நூகரே என்ற கசாப்புக்காரரின் வம்சம் மருத்துவ நூல்களில் பிரசித்தம். தலைமுறை தலைமுறையாக இரவில் மட்டும் கண் தெரியாது, பகலில் குறையே இல்லை, வயதானாலும் கூடாது. இரண்டாயிரம் பேருக்கு மேல் அடங்கிய அந்த வம்சாவளியை மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். 1996-ல் பழுது எது என்று தெரிந்தது: ரெட்டினால் நிமிர்ந்த செய்தியை அடுத்த கைக்குக் கடத்தும் புரதத்தில் ஒரே ஓர் எழுத்துப் பிழை.

முற்றும் வகைக்கு இன்று முழுத் தீர்வு கிடையாது. ஒரே ஒரு மரபணுவுக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது. நிமிர்ந்த ரெட்டினாலை வளைத்துக் கொடுக்கும் பட்டறையில் ஒரு நொதியை உண்டாக்கும் ஆர்பிஈ65 என்ற மரபணு அது. அதன் நல்ல பிரதியை விழித்திரைக்கு அடியில் ஊசியால் செலுத்தும் ‘லக்ஸ்டர்னா’ சிகிச்சைக்கு 2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. அறிமுக விலை இரண்டு கண்ணுக்கும் எட்டரை லட்சம் டாலர். மற்ற வகையினர் செய்ய வேண்டியது: எந்த மரபணு என்று பரிசோதித்துத் தெரிந்துகொள்வது, ஆண்டுதோறும் பார்வைப் பரப்பை அளப்பது, கூடவே வரக்கூடிய கண்புரையையும் விழித்திரை நீர்க்கோப்பையும் உடனுக்குடன் சரிசெய்வது, வெண்கோலும் டார்ச்சும் பழகுவது, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்குவது. காதும் மந்தமாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்து வரும் வகை ஒன்று உண்டு. ‘நூறு சதவீதம் குணம்’ என்று விளம்பரம் செய்பவரிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

லாரி வெளிச்சத்தில்

நாற்பதைத் தாண்டியவர்கள் “ராத்திரி வண்டி ஓட்ட முடியவில்லை” என்று சொல்வது பெரும்பாலும் வேறு கதை. இவர்களுக்கு இருட்டைவிட வெளிச்சம்தான் தொல்லை. எதிரே வரும் லாரி டிப் செய்யாமல் வந்தால் கண் கூசி, அது கடந்த பிறகும் சில நொடிகள் சாலையே தெரியாது. விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். இது கண்புரையின் தொடக்கமாக இருக்கலாம். மங்கிய லென்ஸ் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. லென்ஸை மாற்றினால் பார்வை சரியாகும்.

கண்ணாடியின் நம்பர் மாறியிருந்தாலும் பகலில் சமாளித்துவிடுவோம், இரவில் பாவை விரியும்போது குறை வெளிப்படும். வயதோடு பாவை சுருங்கி லென்ஸும் மஞ்சளாவதால், அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு இருபது வயதுக்காரருக்குக் கிடைக்கும் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. சர்க்கரை நோய்க்காக விழித்திரையில் லேசர் செய்தவர்களுக்கு இரவுப் பார்வை சற்றுக் குறையும். நடுப் பார்வையைக் காப்பாற்ற ஓரத்தைக் கொடுத்த விலை அது. பாவையைச் சுருக்கும் கண் அழுத்தச் சொட்டு மருந்தும் இரவை மங்கலாக்கும். கல்லீரல் நோய், குடல் அறுவை, எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்ட பெரியவர்களுக்கு வைட்டமின் ஏ உறிஞ்சப்படாமல் உண்மையான மாலைக்கண்ணே வரலாம். இவர்களுக்கு ரத்தப் பரிசோதனை அவசியம்.

இரவில் ஓட்டுவதற்கென்று மஞ்சள் கண்ணாடி விற்கிறார்கள். 2019-ல் அமெரிக்காவில் வாகன மாதிரியில் ஓட்டவைத்துச் சோதித்தபோது, சாலையில் நடப்பவரைக் கண்டுகொள்ள அது உதவவில்லை. இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் வடிகட்டும் பொருள் எப்படி உதவும்? முன்கண்ணாடியைத் துடைத்து, மூக்குக்கண்ணாடியின் நம்பரைச் சரிபார்த்து, வேகத்தைக் குறைப்பது அதைவிட மேல்.

மருத்துவரிடம் போகுமுன்

கண் மருத்துவரிடம் விழித்திரைப் படம் உண்டு, பார்வைப் பரப்புச் சோதனை உண்டு, குச்சி செல்களின் மின் துடிப்பைப் பதிவுசெய்யும் இஆர்ஜி உண்டு. எதைச் செய்வது என்பது உங்கள் பதில்களைப் பொறுத்தது. எப்போதிலிருந்து இப்படி? சின்ன வயதிலிருந்தா, சில வாரங்களாகவா? கூடிக்கொண்டே போகிறதா, அப்படியே நிற்கிறதா? இருட்டில் தெரியவில்லையா, வெளிச்சம் கூசுகிறதா? பகலிலும் பக்கவாட்டில் இடித்துக்கொள்கிறீர்களா? வீட்டில் வேறு யாருக்காவது உண்டா? அப்பா அம்மா சொந்தமா? சில வாரங்களாக மட்டும் என்றால் சாப்பாட்டையும் கல்லீரலையும் பார்ப்பார்கள். சின்ன வயதிலிருந்து என்றால் மரபணு. கூசுகிறது என்றால் லென்ஸ். ஆக, இந்த நோயில் பாதிப் பரிசோதனை வாய் திறந்து சொல்வதுதான். மறைத்தவர்களுக்கு அந்தப் பாதி கிடைப்பதில்லை.

அந்தி சாய்ந்ததும் விளையாட்டை விட்டுவந்து திண்ணையில் ஒட்டிக்கொள்ளும் குழந்தையைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். விளக்கைக் குறைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளியிருக்கும் தட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகள் எடுத்துவரும் தட்டை அது தரையில் கை போட்டுத் தடவினால், மறுநாள் காலையே கண் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஈரல் குழம்பு அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.